சாக்குப் பூதமும் அஞ்சலை பின்னலும்

ஒரு ஊர்ல ஒரு கண்ணில்லாத பூதம் இருந்துச்சாம். தோள்ல எப்பவும் ஒரு பெரிய கோணிச்சாக்கு. ம் கொட்டுடி தர்ஷிகா. ஏழாங்கிளாஸ் வந்துட்டா ம் கொட்டக் கூடாதுன்னு உங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்களா? ஆங், அப்படி! இல்லாட்டி அத்தை கதையை நிறுத்திட்டுப் போய்ப் படுத்துருவேன்.

ஒருநாள் நல்ல உச்சி வெயில். களை பிடுங்கிட்டுப் பொம்பளைங்க வரப்பு மேல வந்துக்கிட்டிருக்காங்க. அப்போ தொம்... தொம்...னு பூதம் வந்து, ஒரே வாரா வாரி அத்தனை பேரையும் சாக்குல போட்டுக்கிச்சு! அந்தச் சாக்குக்குள்ள போனா குரல் போயிரும். வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வரும்.

அதுல அஞ்சலையோட அம்மாவும் போயிட்டா. அஞ்சலைக்கு உன் வயசுதான். அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தவ எல்லாத்தையும் பார்த்துட்டா. தூக்கைக் கீழ போட்டுட்டு, ஐயோ அம்மான்னு அலறிக்கிட்டே பூதத்துக்குப் பின்னாடி ஓடினா. "எங்கம்மாவைக் குடு!"

பூதம் நின்னுச்சு. "தரேன். ஆனா எனக்குத்தான் கண்ணு இல்லையே. இதுல யாரு உங்கம்மா? நான் கையை விட்டுத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி சொல்லு. மூணு தடவை சொல்லலாம். மூணும் பலிக்கலைன்னா நீயும் உள்ள."

அப்புறம் அஞ்சலை அவசர அவசரமா, "எங்கம்மா ரொம்ப அழகு! ரொம்ப நல்லவ!"ன்னா.

பூதம் சாக்குக்குள்ள கையை விட்டுத் துழாவிச்சு. சரசர... சரசர... "இங்க எல்லாரும் அழகுதான். எல்லாரும் நல்லவங்கதான். யாரைத் தூக்க?"ன்னுச்சு. சாக்கு வாய் கிர்ர்ருன்னு இன்னும் பெருசாத் திறந்துச்சு.

ம்... ம் எங்கடி? பயமா இருக்கா? அத்தை கையைப் பிடிச்சுக்க.

அப்போ அஞ்சலைக்குப் பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் வந்து, "நிலா மாதிரி முகம்! தாமரை மாதிரி கை!"ன்னு கத்தினா. சாயங்காலம் அம்மாவைப் பத்திக் கவிதைன்னு ஒண்ணு எழுதி வச்சியே, 'அன்பின் நிலவே'ன்னு, அதே லட்சணம்தான். முறைக்காத. கேளு.

"நிலாவை நான் தொட்டதே இல்ல. தாமரைன்னு தேடினா இங்க எல்லாக் கையிலயும் சேறு"ன்னு சொல்லிட்டு, பூதம் அவ பின்னலை லபக்குன்னு பிடிச்சு, சாக்குப் பக்கமாப் பின்னாலயே இழுத்துச்சு. தரதர... தரதர... குதிகால்ல சாக்கு விளிம்பு உரசுது. இன்னும் ஒரே ஒரு தடவைதான். தப்பாச்சுன்னா அம்மாவும் இல்ல, அவளும் இல்ல.

பின்னல் இழுக்க இழுக்க அப்படி ஒரு வலி. அந்த வலியிலதான் அவளுக்குக் காலையில அம்மா தலை பின்னி விட்டது ஞாபகம் வந்துச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.

"எங்கம்மா ஆள்காட்டி விரல்ல வெடிப்பு இருக்கு! தலை பின்றப்ப தினம் ஒரு முடி அதுல மாட்டும். சுருக்குன்னு இழுக்கும். நான் ஆன்னு கத்துவேன். உடனே அம்மா உச்சந்தலைல ஃபூன்னு ஊதுவா. வெடிப்புக்குத் தடவின வேப்பெண்ணெய் நாத்தம் குப்புன்னு அடிக்கும்!"

பூதம் திரும்பச் சாக்குக்குள்ள துழாவிச்சு. உள்ளேருந்து ஒருத்தி கையை வெளிய எடுத்து, அஞ்சலை பின்னல் மேல தடவிப் பார்த்துச்சு. வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் இன்னொரு கை. அதுவும் வழுக்கிருச்சு. அஞ்சலை மூச்சே விடல. அப்புறம் இன்னொண்ணு...

சுருக்!

"ஆ!"

அப்போ சாக்குக்குள்ளேருந்து அவ உச்சந்தலைல மெதுவா, ஃபூ...

"அம்மா! இதான் எங்கம்மா!"ன்னு ஓன்னு அழுதா. சொன்ன வாக்கைப் பூதம் மீற முடியாதே, அம்மாவை வெளிய விட்டுருச்சு. வெளிய வந்ததும் குரல் வந்துச்சு. அவ கேட்ட மொதப் பேச்சே, "வலிச்சுதாடி கண்ணு?"

அஞ்சலை கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள ஓடினா. "எல்லாப் பிள்ளைங்களும் வாங்க! அழகுன்னு மட்டும் சொல்லிராதீங்க, மாட்டிக்குவீங்க!" ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க அம்மாவைச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க. ஒருத்தி அம்மாவுக்குச் சுண்டுவிரல் கோணலாம். இன்னொருத்தி அம்மா சிரிச்சா விக்கல் வருமாம். பூதம் வெறுஞ்சாக்கைத் தூக்கிக்கிட்டு, தொம் தொம்னு போயே போயிருச்சு.

இப்போ சொல்லு. அந்தப் பூதம் உங்கம்மாவைத் தூக்கினா நீ என்ன சொல்லுவ? என்னடி முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு.

உங்கம்மா வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழட்டினா நெத்தியில கோடு விழுந்திருக்குமா? பொட்டு ஹெல்மெட்டுக்குள்ளயே ஒட்டியிருக்குமா? நீதான் அதைப் பிச்சுத் திரும்ப வச்சு விடுவியா?

அடி என் தங்கமே. உங்கம்மாவை எந்தப் பூதமும் வச்சுக்க முடியாதுடி. காலையில எந்திரிச்சு அந்தக் கவிதைக்குப் பதிலா இதை அப்படியே எழுதிக் குடு.

சாக்கும் காலி, கதையும் காலி. தூங்குடி கண்ணு.