லித்தியம் அக்காவின் வாசல்

சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய பேட்டரி ஒன்று. அதற்குள் எதிரெதிராக இரண்டு வீடுகள், நடுவே ஒரு மெல்லிய திரை. ஒரு வீட்டில் லித்தியம் அக்கா இருந்தாள். அவள் பிள்ளைகள் எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பிவர வேண்டும். அதில்தான் பேட்டரியின் உயிர் இருந்தது. பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துப் போவது ஈதர் என்ற திரவத்தின் வேலை. ஈதருக்கு எண்ண முடியாத கைகள்.

அக்கா சின்ன உடம்பில் பெரிய சக்தியை வைத்திருப்பவள். கோபமும் அந்த அளவுக்கு உண்டு. யார் தொட்டாலும் கடித்துவிடுவாள்.

ஈதர் பரம்பரைக்கோ யாரையும் தொடாமல் பேச வராது. முதலில் போன அண்ணன் ஈதர், சும்மா இருந்த கைகளையெல்லாம் நீட்டி, "சௌக்கியமாக்கா? ஏன் முகம் வாடிக் கெடக்கு?" என்று அவள் தோளைத் தடவியது. பாவம், அன்புதான். அக்கா அந்தக் கைகளைக் கடித்துத் துப்பினாள். துப்பியது அவள்மேலேயே பொருக்காகப் படிந்து, காய்ந்த சேறுபோல வெடித்தது. வீடு திரும்பிய பிள்ளைகள் வெடித்த இடத்திலேயே முண்டியடித்து ஒருவர்மேல் ஒருவர் ஏறினார்கள். அந்தக் குவியல் ஊசியாக வளர்ந்து திரையைக் குத்தியது. பேட்டரி கருகிப்போயிற்று.

அடுத்த பேட்டரிக்குத் தம்பி ஈதரின் முறை. புட்டிக்குள் அது நடுநடுங்கியது. "அண்ணன் பாசம் போதலையோ? நான் இன்னும் நெருங்கிப் போய்க் கெஞ்சிப் பாக்கறேன்."

ஆய்வகத்து சுபைதா புட்டியைத் திறந்தாள். "இந்தத் தடவ உப்ப அள்ளிப் போட்டுடலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கொட்டினாள், கலக்கினாள், மறுபடியும் கொட்டினாள்.

அது லித்தியம் உப்பு என்பதால், அதோடு பிள்ளைகளும் திமுதிமுவென்று வந்து இறங்கினார்கள். ஆளுக்கு நாலு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மூச்சு முட்டுதுப்பா! அக்காவுக்கு ஒரு வணக்கம் வைக்கவாவது ஒரு கைய விடுங்களேன்!" என்று ஈதர் கத்தியது. ஒருவரும் விடவில்லை.

புதுப் பேட்டரிக்குள் அக்கா வழக்கம்போல வாயைத் திறந்தாள். ஈதரின் கை ஒன்றுகூட அகப்படவில்லை. பிள்ளைகளை ஒட்டிக்கொண்டு வந்த உப்புதான் முன்னால் நின்றது. "என்னயக் கடிச்சுக்க தாயீ" என்றது. கடித்தாள். உடைந்த உப்பு அவள்மேல் மெல்லிய, கெட்டியான போர்வையாகப் படிந்தது. அது வெடிக்கவில்லை. பிள்ளைகள் அதன் வழியே நிதானமாக வீட்டுக்குள் நுழைந்து, வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கும் கோபம் அடங்கியது.

அதன்பிறகு பேட்டரி ஓடிக்கொண்டே இருந்தது. ஈதருக்கு உடம்பு குலையவில்லை, மனமும் நிறைந்திருந்தது. ஒரே ஒரு குறை, அக்காவை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

ஒருநாள் அக்காவே கூப்பிட்டாள். "ஏண்டா தம்பி, வாசல் வரைக்கும் வர்றே, புள்ளைங்கள விடறே, திரும்பிப் போயிடறே. எம்மேல ஏதும் வருத்தமா?"

"அய்யோ, இல்லக்கா! ஒரு கைகூட ஒழியல. ஒழிஞ்சதும் மொத வேலையா வந்து ஒங்களக் கட்டிப் புடிச்சுக்கறேன்."

"வேணாண்டா" என்றாள் அக்கா பதறி. "அங்கேயே இரு. எனக்கு ஒன்ன ரொம்பப் புடிச்சிருக்கு."