மூன்று கண் நுங்கும் தொம்மை கல்யாணமும்

முட்டப்பனை ஊரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த ஊர்த் தொம்மைக்கும் சலேத்துக்கும் கல்யாணம் நிச்சயமானது. தொம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் அவனைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஞானோபதேசம் தெரியாதவனுக்கு நான் தாலி எடுத்துக் கொடுக்கமாட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூணு ஆளு, ஆனா கடவுள் ஒருத்தர்தான். அது எப்படின்னு கல்யாணத்தன்னைக்குக் கேப்பேன்" என்றார். தொம்மை விழித்த விழியைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "பனங்காயை நினைச்சுக்கோ. மூணு கண்ணு, காய் ஒண்ணு" என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தொம்மை தன் கூட்டாளிகள் மரியானையும் இருதயத்தையும் கூட்டிக்கொண்டு பனங்காட்டுக்குப் போனான். முதல் காயைச் சீவினார்கள். மூன்று கண். நிம்மதியாகி மூன்றையும் தொம்மையே தின்றான். அடுத்த காயைச் சீவினால் இரண்டுதான் இருந்தது.

"ஏலே, ஒருத்தரைக் காணோமே! என் கல்யாணம் போச்சே!" என்று தொம்மை அலறினான்.

இருதயம் மோவாயைத் தடவினான். "ஆவி கண்ணுக்குத் தெரியமாட்டாருல்லா? அதான்."

"அப்ப முதக்காயில எப்படிலே தெரிஞ்சாரு?" என்றான் மரியான்.

"அது காட்சி குடுத்திருக்காரு."

மரியான் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முழங்காலிட்டான். பிறகு தொம்மையைத் திரும்பிப் பார்த்தான். "பாவி, அவரையா தின்னே?"

தொம்மை ஒரே ஓட்டமாகச் சாமியாரிடம் ஓடி, தின்றதை ஒப்புக்கொண்டு அழுதான். சாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நுங்கை விட்டுத் தொலைலே! மூணு பேரு, ஆனா ஒண்ணு. பிரிக்கவும் கூடாது, போட்டுக் குழப்பவும் கூடாது. இது புரிஞ்சாத்தான் கல்யாணம்."

இதை வாயால் சொல்லத் தனக்கு வராது என்று தொம்மைக்குத் தெரியும். சலேத்தை இழக்கவும் மனசில்லை. அதனால் செய்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தான்.

கல்யாணத்தன்று ஒரே எட்டு முழ வேட்டிக்குள் மூன்று பேர் கோயிலுக்குள் வந்தார்கள். நடுவில் தொம்மை, இந்தப்பக்கம் மரியான், அந்தப்பக்கம் இருதயம். மூன்று கழுத்துக்கும் சேர்த்து ஒரே மாலை. பீடத்துப் படியில் ஒருவன் தடுக்கியதும் மாப்பிள்ளை முழுவதுமாக விழுந்து எழுந்தார்.

"என்னலே இது?" என்றார் சாமியார்.

"மூணு ஆளு சாமி, மாப்பிள்ளை ஒருத்தர்தான். பிரிச்சிராதீக!" என்று தொம்மை கையெடுத்துக் கும்பிட்டான்.

சாமியார் மூன்று தலையையும் எண்ணிப் பார்த்தார். கடைசியில் மணப்பெண்ணிடம் திரும்பினார். "சலேத்து, நல்லாப் பாத்துக்கோம்மா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதந்தானா?"

சலேத்து முக்காட்டை விலக்கி மாப்பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"சம்மதம் சாமி. அவுக சரியாத்தான் வந்திருக்காக, நான்தான் தெரியாம ஒத்தையா வந்துட்டேன். கொஞ்சம் பொறுங்க, தங்கச்சிமாரு ரெண்டு பேரையும் சேலைக்குள்ள கூட்டிட்டு வந்திருதேன்."