எழுந்து போகிறவர்கள்

ஓடைக்கரை மடத்துக்கு மலையேறித்தான் போகவேண்டும். வழியில் ஒரு காட்டோடை குறுக்கிடும். மழை வலுத்துவிட்டால் அதைத் தாண்ட நினைப்பது உயிரோடு விளையாட்டு.

மடத்தின் தலைவி வடிவம்மை. அவரைவிட வயதில் மூத்தவர் சீடர் மாசிலாமணி. வங்கியில் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எல்லாவற்றையும் துறந்தாயிற்று, மடத்தின் இணையதளத்தை மட்டும் துறக்கவில்லை. அதன்மேல் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரிப் பாசம்.

அதைப் பிடுங்குவதற்குத்தான் மடத்தின் செயலாளர் தணிகாசலம் அன்று மூச்சிரைக்க மலையேறி வந்தார்.

"பவுன்ஸ் ரேட் ஏறிக்கிட்டே போகுது. வர்றவன் முதல் பக்கத்தைப் பாக்கறான், உள்ளே எதையும் திறக்காம அப்படியே ஓடிடறான். தளத்தை ஒரு விளம்பரக் கம்பெனிகிட்ட கொடுக்கப்போறேன். நுழைஞ்சதுமே பேர், நட்சத்திரம், போன் நம்பர் கேப்பாங்க. மடத்து வரலாறு வீடியோவா ஓடும். மூடவே முடியாது. அப்புறம் எவன் போறான்னு பாக்கலாம். பாஸ்வேர்டைக் கொடுங்க."

"தரமாட்டேன்" என்றார் மாசிலாமணி.

அவர் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

"முதல் பக்கத்துக்கு நான் கொடுத்த கோபுரப் படத்தையும் தூக்கிட்டீங்க!"

"அது திறக்கறதுக்குள்ள அடிவாரத்துக்கு வர்ற பஸ்ஸே போயிடுது. ஜனங்க தேடி வர்றது ஒண்ணைத்தான். இன்னைக்கு ஓடையைத் தாண்டலாமா, கூடாதா? அதை மேலேயே போட்டேன். பாக்கறாங்க, போறாங்க."

"படம் இருந்தப்பவும் போனாங்க, இப்பவும் போறாங்க. என்னத்தைச் சாதிச்சீங்க?"

சில நாளாக மாசிலாமணியையே அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. வடிவம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் செஞ்சது தப்பா?"

"பந்திக்கு நேரமாச்சு" என்றார் வடிவம்மை. "ஐயாவுக்கு இலை போடுங்க. அவர் சொன்ன முறைப்படியே பரிமாறுங்க."

செயலாளர் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். மாசிலாமணி சோற்றுப் பாத்திரத்தோடு எதிரே வந்து நின்றார்.

"ஐயா பேரு?"

"என்னய்யா விளையாட்டு இது?"

"நட்சத்திரம்? போன் நம்பர்?"

பதிலுக்குக் காத்திராமல் மடத்தின் வரலாற்றை முதல் குருவிலிருந்து தொடங்கினார். செயலாளர் எழப் பார்த்தார். மாசிலாமணி குறுக்கே நின்றார். "மன்னிக்கணும், இதை மூடமுடியாது." ஞானம் தேடி வந்தவருக்கு இவ்வளவு குஷி ஆகாதுதான். என்ன செய்வது, மனிதர் ரசித்து ரசித்துச் செய்தார்.

"யோவ், முதல்ல சோத்தைப் போடுய்யா!"

வடிவம்மை தலையசைத்தார். சோறு விழுந்தது. சாம்பார், கூட்டு, ரசம், மோர் என்று எல்லாம் வந்தன. மலையேறி வந்த பசி. செயலாளர் நிமிராமல் சாப்பிட்டு, ஒரு ஏப்பம் விட்டு எழுந்தார்.

வடிவம்மை பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மாசிலாமணி, ஐயா எழுந்துட்டார். நம்ம சாப்பாடு பிடிக்காம ஓடிட்டார்னு கணக்குல சேத்துக்கோங்க."

"யார் சொன்னது? வயிறு நிறைஞ்சுது, எழுந்தேன். அதுக்காக இங்கேயே குடியிருக்கவா முடியும்? அடுத்த பந்திக்கு ஆள் நிக்குதே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. போய்க் கை கழுவிவிட்டு வந்தார். முகத்தில் வீம்பு இன்னும் மிச்சம் இருந்தது.

"சரி, பாஸ்வேர்ட் அவர்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். பசியோட போறவனும் எழுந்துதான் போறான், சாப்பிட்டவனும் எழுந்துதான் போறான். யார் எப்படிப் போறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நின்னு தலையை எண்ணினா தெரியாது, ஐயா" என்றார் வடிவம்மை. "உள்ளே வந்து இலையைப் பாருங்க."