சபையில் சிரிப்பு

வாயிலிருந்து வரும்போது இனிக்கும். எழுதி வாசித்தால் கூசும். அது என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணற்குடித் துறைமுகத்தை ஆண்ட கொற்றவேலனின் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே நடப்பதையெல்லாம் ஏட்டாளர் சேந்தனார் ஓலையில் எழுதுவார். மறுநாள் காலை, வேறு வேலை தொடங்குமுன், கட்டியக்காரர் அதை ஒரு வரி விடாமல் உரக்க வாசிப்பார்.

தம் மைத்துனரை ஏட்டாளர் ஆக்கிவிட அமைச்சர் வல்லபருக்கு நெடுநாள் ஆசை. ஒருநாள் எழுந்தார்.

"அரசே, தெலுங்குத் தூதர் பகபக என்று சிரிக்கிறார். மராட்டியத் தூதர் கோ கோ என்கிறார். நாம் கொல்லென்று சிரிக்கிறோம். இவர் ஏட்டிலோ எல்லாமே 'சிரிப்பு'. சத்தம் போட்டால் தெலுங்கருக்கு அது கோல, மராட்டியருக்குக் கோந்தளம். இவருக்கு எல்லாம் 'அமளி'. எவ்வளவு சோம்பேறித்தனம்!"

"மெய்தான்," என்றார் அரசர். "சேந்தனாரே, இனி யார் எப்படிச் சிரித்தாலும் அப்படியே எழுதும். ஒன்று விட்டுப்போனாலும் நீர் வீட்டுக்குப் போகலாம்."

"எல்லாருடையதுமா, அரசே?"

"எல்லாருடையதும்."

அன்று மாலை தெலுங்குத் தூதர் கொண்டுவந்த கிளி கூண்டிலிருந்து தப்பி, அமைச்சரின் வழுக்கையில் உட்கார்ந்தது. சபை சிரித்தது. சேந்தனார் எழுதினார்.

மறுநாள் கட்டியக்காரர் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் வாசித்தார்.

"தெலுங்குத் தூதர்: பகபக. மராட்டியத் தூதர்: கோ கோ. சேனாபதி: கெக்கெக்கே, நடுவில் இருமல். அமைச்சர்: 'ஐயோ, எடுங்களய்யா.' அரசர் பெருமான்: ஹிஹ்ஹீ, மூச்சிழுப்பு, மீண்டும் ஹிஹ்ஹீ."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சேந்தனார் எழுத்தாணியை எடுத்தார்.

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பு வாசிக்கப்பட்டது. அதற்கும் சிரித்தார்கள். நான்காம் நாள் ஓலை நான்கு கட்டாகிவிட்டது. உப்பளத்தார் தங்கள் வழக்கோடு வாசலிலேயே நின்றார்கள்.

"நிறுத்துமய்யா!" என்றார் அரசர். "என் சிரிப்பையும் எதற்கு எழுதினீர்?"

"விட்டுப்போனால் வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள், அரசே. இப்போது 'நிறுத்துமய்யா'வையும் எழுதிவிட்டேன். நாளை வாசிப்பார்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டு வேலை உமக்கே. என் சிரிப்பை மட்டும் விட்டுவிடும். இனி எல்லாருக்கும் ஒரே சொல் போதும்."

எந்தச் சொல் என்று தூதர்கள் சண்டை பிடித்தார்கள். அரசர் தம் ஆறு வயது மகளைக் கேட்டார்.

இளவரசி பகபக என்பதைத் தேர்ந்தெடுத்தாள். சேந்தனார் எழுதிக்கொண்டார்.