பசிக்குதா அக்கா?

“இந்த உடம்பு எனக்கு வேண்டாம் அம்மா. காவி குடுத்துருங்க,” என்றாள் காந்திமதி.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தப் பெண்கள் ஆசிரமத்துக்குத் தலைவி சண்பகவல்லி. வயது முப்பத்துமூன்றுதான். காந்திமதிக்கு முப்பத்தாறு. ஆனாலும் அங்கே எல்லோருக்கும் சண்பகவல்லிதான் அம்மா. அவரோ தன்னைவிட மூத்தவர்களை அக்கா என்றே கூப்பிடுவார்.

“உடம்பு என்ன செஞ்சுது அக்கா?”

காந்திமதி கொட்டித் தீர்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுத்தவள் அவள். சொன்னபடி கேட்ட உடம்பு அது. இப்போது இடுப்பு பெருத்துவிட்டது. கழுத்தைச் சுற்றிக் கறுத்துவிட்டது. முகவாயில் முடி முளைக்கிறது. சாப்பிட்டு எழுந்தால் கண்ணைச் சுற்றுகிறது. தியானத்தில் உட்கார்ந்தால் குறட்டை விடுகிறாள். எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை.

“டாக்டர்கிட்ட போயாச்சு. சினைப்பை பூரா நீர்க்கட்டியாம். இன்சுலின் தேவைக்கு மேல சுரக்காம். ஆனா உடம்பு அதக் கேக்க மாட்டேங்காம்.”

“என்ன குடுத்தாங்க?”

“மாத்திரை. என்ன திங்கணும், எப்படித் திங்கணும்னு ஒரு தாளு.”

“தாள் எங்க?”

“பெட்டிக்கு அடியில கெடக்கு.”

“மாத்திரைய நிறுத்திராதீங்க,” என்றார் சண்பகவல்லி. “காவிய அப்புறம் பாப்போம்.”

தனக்குத் தகுதி போதாது என்று அம்மா நினைக்கிறார் போல என்று காந்திமதி எடுத்துக்கொண்டாள். காட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே பட்டினி கிடக்கத் தொடங்கினாள்.

மூன்று நாள் வெறும் தண்ணீர்.

நான்காம் நாள் மத்தியானம், மற்றவர்கள் தியானத்தில் இருந்தார்கள். காந்திமதி சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குள் போனாள். யாரோ பக்தர் கொண்டுவந்து வைத்த அதிரசக் கூடை அங்கே இருந்தது. நின்றபடியே தின்றாள். ஏழு.

கதவு திறந்தது. சண்பகவல்லி நின்றார்.

திட்டவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“அதிரசம் நல்லா இருக்கா அக்கா?”

காந்திமதி யோசித்தாள். “தெரியல அம்மா.”

“பசிச்சுதா?”

அதுவும் தெரியவில்லை. பிசுபிசுத்த விரல்களோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிக்கும்வரை சண்பகவல்லி இருந்தார். பிறகு சொன்னார்:

“அந்தத் தாள எடுத்துட்டு வாங்க.”

அதை இரண்டு பக்கமும் படித்தார். திருமுறை ஓதுகிறவர் போல, ஒரு சொல்லையும் விடாமல்.

மறுநாள் சமையற்கட்டில் சண்பகவல்லி நின்றார். மத்தியானம் தானே ஒரு தட்டைக் கொண்டுவந்து காந்திமதி முன்னால் வைத்தார்.

“பசிக்குதா அக்கா?”

“தெரியல அம்மா.”

முதலில் கீரையும் அவரைக்காயும் மட்டும். அது தீர்ந்த பிறகு கொண்டைக்கடலைச் சுண்டல். கடைசியாகத்தான் ஒரு சின்னக் கரண்டி குதிரைவாலிச் சோறு, மோர். எதிரே உட்கார்ந்து அவரும் அதையே, அதே வரிசையில் சாப்பிட்டார்.

“வாங்க,” என்றார் கை கழுவியதும். இருவரும் ஆற்றங்கரையில் படித்துறை வரைக்கும் நடந்து திரும்பினார்கள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

முதல் வாரம் காந்திமதி கூசிப்போனாள். இரண்டாம் வாரம் கோபம் வந்தது.

“மந்திரம் கேட்டு வந்தவளுக்கு அவரைக்காயப் போடுதீகளே அம்மா!”

“இன்னும் கொஞ்சம் போடட்டா?”

ஒவ்வொரு வேளையும் தட்டுக்கு முன்னால் அதே கேள்விதான். பத்தொன்பது நாள் காந்திமதி ஒரே பதிலைச் சொன்னாள்.

இருபதாம் நாள் அந்தக் கேள்வி வந்தபோது அவள் உடனே வாயைத் திறக்கவில்லை. விலாவுக்குக் கீழே ஏதோ மெதுவாக அசைந்தது. வலி இல்லை. வெறி இல்லை. கூடை கூடையாகக் கேட்கவும் இல்லை. கொஞ்சமாக, மரியாதையாகக் கேட்டது.

“பசிக்குது அம்மா,” என்றாள். சொன்னதும் அவளுக்கே கண் நிறைந்துவிட்டது.

சண்பகவல்லியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறகு பரிமாறினார்.

இன்னொரு மாதம் போனது. ஒரு பிற்பகல் தியானத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மண்டபம் அடங்கிக் கிடந்தது. விலாவுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

இந்த உடம்பை அவள் பட்டினி போட்டிருக்கிறாள். கண்டதையும் போட்டுத் திணித்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று வாயில் வந்தபடி ஏசியிருக்கிறாள். ஒரு நாள், ஒரு நொடி, இது வேலையை விட்டுவிட்டுப் போனதில்லை.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண் திறந்தபோது மற்றவர்கள் எழுந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

கழுத்துக் கறுப்பு அவ்வளவாகப் போகவில்லை. முகவாயில் முடியும் இருந்தது. ஆனால் காவியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு காலை, எல்லோரும் பூஜைக்குக் கூடிவிட்டார்கள். காந்திமதி மட்டும் மண்டபத்துக்கு வெளியே நின்றாள். மாதவிலக்கு நாட்களில் மண்டபத்துக்குள் போகக் கூடாது என்பது சண்பகவல்லிக்கும் முந்திய காலத்து வழக்கம்.

அர்ச்சனைக்குப் பூவை அள்ளிய சண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் அங்க நிக்கீங்க அக்கா?”

“உள்ள வரக் கூடாது அம்மா. வந்துட்டு. பதினோரு மாசம் கழிச்சு.”

சண்பகவல்லி எழுந்தார். அள்ளிய பூவோடு நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார். பூஜையின் நடுவில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. பூவைக் காந்திமதியின் காலடியில் போட்டார். குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

காந்திமதி பதறிப் பின்வாங்கினாள்.

“அய்யோ, என்ன அம்மா இது! பூஜை உள்ளல்லா நடக்கு!”

சண்பகவல்லி கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.

“இல்ல அக்கா. இங்கதான்.”