பூவாத்தா திறந்த பதினாறு சோடிக் கண்

விரல் உயரத்தில் ஒரு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வேரே காலாக, கிளையே கையாக, பாசியே தாடியாக, "என்னடா பார்க்கிறாய்?" என்று முறைத்துக்கொண்டு நிற்கிற மரம்? பார்த்ததில்லையா? அப்படியானால் கிட்டே வந்து உட்காருங்கள். சின்னது சிணுங்கினால் மடியில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். கதை நீளம்தான், ஆனால் சோறு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

முன்னொரு காலத்தில், அணிலுக்கு முதுகில் கோடு இருப்பதுபோல வாயில் பேச்சும் இருந்த காலத்தில், வேங்கைநாடு என்று ஒரு நாடு. அங்கே காட்டோரத்தில் கொழுமேடு என்று ஓர் ஊர். அந்த ஊரில் பூவாத்தா என்று ஒருத்தி. திருவிழாக் கடைகளுக்கு மண் பொம்மை செய்து நிறம் பூசுவது அவள் வேலை. "கை வேலை முதலில், கண் வேலை கடைசியில்" என்பாள். பொம்மை எதுவானாலும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவாள்.

அவள் புருஷன் நாச்சிமுத்து விறகு வெட்டுகிறவன். மலை மாதிரி ஆள். ஆனால் இடுப்பில் ஒரு விரல் பட்டால் போதும், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு துள்ளுவான்.

அந்த நாச்சிமுத்து ஒருநாள் காட்டுக்குப் போனான். திரும்பவில்லை. தேடப் போனவன் திரும்பவில்லை. அவனைத் தேடப் போனவனும் திரும்பவில்லை. இப்படியே மாதம் முடிவதற்குள் பதினாறு பேர் போய்விட்டார்கள்.

"புலி அடித்திருக்கும்" என்று ஊர் அழுதது.

"பதினாறு பேரைத் தின்ற புலி வயிறு உப்பி வழியிலேயே கிடக்குமே! யாராவது பார்த்தீர்களா?" என்றாள் பூவாத்தா. "இது புலி வேலை இல்லை. நான் போய்ப் பார்க்கிறேன்."

கேழ்வரகுக் களியை உருட்டி மடியில் கட்டிக்கொண்டாள். மண்ணும் நிறமும் முள்ளும் தேன்மெழுகும் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நடந்தாள்.

நடந்தாள் நடந்தாள், காடு முடிகிற வரை நடந்தாள். காடு முடிந்த இடத்தில் ஒரே மொட்டை. வெட்டிப்போட்ட அடிக்கட்டைகள் தவிர ஒன்றுமில்லை. நடுவில் புகை கக்குகிற ஒரு வீடு. வீட்டு வாசலில், தப்பிப் பிழைத்தது போல முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு வேங்கைக் கன்று, இலை வாடி நின்றது. அதன்மேல் ஓர் அணில்.

"அணிலண்ணே, மெல்லிசாகத் தூரிகை கட்ட வால்முடி மூன்று தருவீர்களா?" என்று கேட்டாள்.

"மூன்று முடிக்கு மூன்று களி உருண்டை."

"பேராசை பிடித்த அண்ணன்!" என்று கொடுத்தாள்.

அணில் கன்னம் உப்பத் தின்றுகொண்டே சொன்னது: "உள்ளே இருக்கிறவன் சூளைமாயன். அவன் வீட்டு அடுப்பு அணையவே கூடாது. அதற்காகத்தான் காட்டையே தின்றான். உங்கள் ஊர்ப் பதினாறு பேரும் அவன் பரணில் விரல் உயரக் கட்டைகளாக நிற்கிறார்கள். ஆடுபலகைக்குக் காய் வேண்டுமாம். பௌர்ணமி உச்சிப்பொழுதில் அவன் மச்சான் தொந்திபூதம் ஆட வரும். வெட்டுப்பட்ட காய் நேராக அடுப்புக்கு!"

பௌர்ணமிக்கு ஐந்தே நாள்.

"மிச்சத்தையும் கேள். மந்திரத்தால் மொட்டைக் கட்டைதான் வரும். உருவமும் கண்ணும் மனுஷக் கையால் வரவேண்டும். எழுதிய கண் காய்ந்து, எவரை முதலில் பார்க்கிறதோ, அவருக்கு அந்தக் காய் ஆயுசுக்கும் அடிமை. ஆனால் அவன் மூன்று தடவை கட்டளை போட்டும் ஒரு காயும் அசையவில்லை என்றால், மந்திரம் அவன் தலையிலேயே திரும்பும். நான் சொன்னேன் என்று சொல்லாதே, எனக்கு இருப்பது ஒரே வால்."

பூவாத்தா முந்தானையை இழுத்துச் செருகினாள். கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"பொம்மைக்காரி சாமி. நிறம் பூசுகிற வேலை ஏதாவது இருக்குமா?"

கதவு படாரென்று திறந்தது. கரி அப்பிய தாடி, நெருப்புத்துண்டு மாதிரிக் கண். "இருக்குமாவா! பதினாறு மரப்பூதம் வேண்டும். எட்டு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம். கண் எழுதும்போது மட்டும் நான் எதிரே உட்காருவேன். பதினாறும் என்னைத்தான் பார்க்க வேண்டும்."

"மச்சான் பக்கத்துக் காய்கூடவா சாமி?"

"அதுதானே சூட்சுமம்! அவன் காய் எல்லாம் வேண்டுமென்றே வந்து மாட்டும்" என்று சிரித்தான். பாருங்கள், தோற்கிறவன் கள்ளாட்டம் ஆடுவதும் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

பதினாறு கட்டைகளை அவள் முன் கொட்டினான். எல்லாம் ஒரே மாதிரி மொட்டை. பூவாத்தா அழவில்லை. அழுதால் மண் இளகிப்போகும். கை வேலை முதலில், கண் வேலை கடைசியில்.

முதல் நாள் மண்ணைப் பிசைந்து ஒவ்வொரு கட்டைக்கும் வேர்க்கால் வைத்தாள், நன்றாக அகலமாக, தட்டினாலும் விழாதபடி. இரண்டாம் நாள் கிளைக்கை முளைத்தது, மூக்கு முளைத்தது. கருவேல முள்ளால் பட்டை கீறினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறிக்கொண்டே வந்தவள் பதினோராவது கட்டையின் நடுவில் முள்ளை வைத்ததும் கட்டை துள்ளியது!

மறுபடி வைத்தாள். மறுபடி துள்ளியது.

"மாமா!" என்றாள் மெதுவாக. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "கட்டையானாலும் இடுப்புக் கூச்சம் போகலையா? ஆடாதீங்க, பட்டை கோணிப்போகும்."

மூன்றாம் நாள் நிறம். முதலில் எல்லாவற்றுக்கும் கரிக்கருப்பு. அது காய்ந்ததும் தூரிகையைக் காவியில் தொட்டு, துணியில் துடைத்து, இனி நிறமே இல்லை என்கிற மட்டும் துடைத்து, பிறகு பட்டைமேல் லேசாகத் தேய்த்தாள். மேடு வெளுத்தது, பள்ளம் இருண்டது. பாசிக்கு மஞ்சளும் அவுரி நீலமும் கலந்தாள். பதினாறும் நூறு வயது மரம் மாதிரி ஆகிவிட்டன.

நான்காம் நாள்தான் பெரிய வேலை. சூளைமாயன் மதியச் சோறு தின்று குறட்டை விட்டான். பூவாத்தா மூன்று முடித் தூரிகையால் ஒவ்வொன்றுக்கும் உண்மையான கண் எழுதினாள். அந்தக் கண் காய்வதற்குள், அதன்மேல் உருக்கிய தேன்மெழுகு ஒரு சொட்டு. எழுது, மூடு. எழுது, மூடு. முப்பத்திரண்டு தடவை. மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை சூளைமாயன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் முன்னாலேயே மெழுகின்மேல் பொய்க் கண் எழுதினாள்.

"ஏய் காயே, என்னைப் பார்த்தாயா? ஒரு அடி நட!" என்று சொல்ல வாயைத் திறந்தவனை, "ஐயோ சாமி!" என்று தடுத்தாள். "மெருகு காயட்டும். ஈரக் கண்ணுக்குக் கட்டளை போட்டால் கண் வழிந்து கன்னத்துக்கு வந்துவிடும். மச்சான் சிரிப்பார்."

மச்சான் சிரிப்பார் என்றதும் வாயை மூடிக்கொண்டான்.

உச்சிப்பொழுது. முற்றத்தில் பலகை போட்டாயிற்று. எட்டுக்கு எதிரே எட்டு, முகத்துக்கு நேரே முகம். நாச்சிமுத்துவுக்கு நேர் எதிரே நின்றது, பூவாத்தாவுக்கே தெரியாமல், அதே ஊர்ச் சடையாண்டி. வரப்புச் சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சில்லாத இரண்டு பேர்! பூவாத்தாவின் கணக்கு இதுதான்: வெயில் ஏறும், மெழுகு உருகும், காய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

தொந்திபூதம் பூமி அதிர வந்து உட்கார்ந்தது. "என்ன மச்சான், இன்றைக்கும் தோற்கத் தயாரா? அடடே, காய் பிரமாதமாக இருக்கிறதே!"

அப்போது பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடிற்று. சின்ன மேகம் இல்லை, எருமைமாட்டு மேகம்.

"வெட்டு!" என்றான் சூளைமாயன். ஒரு காயும் அசையவில்லை. அவன் முகம் கறுத்தது. நாச்சிமுத்துவை வெடுக்கென்று எடுத்தான். "பொம்மைக்காரி, வேலையில் பொத்தலா? இது அடுப்புக்குப் போகட்டும், மற்றது புத்தி கற்கும்."

அடுப்பு வாய் செக்கச்செவேலென்று இருந்தது. நாச்சிமுத்துவின் வேர்க்கால் அனலுக்கு நேரே ஆடியது. கொஞ்சம் பொறுத்தால் மெழுகு அவன் முகத்தில் உருகும், எதிரே இருப்பது சூளைமாயன் மூஞ்சி. தீக்குப் போனாலும் போச்சு, கண் திறந்தாலும் போச்சு.

பூவாத்தா குறுக்கே பாய்ந்து நின்றாள். "சாமி, தப்பு என்னுடையதுதான். மெருகு காயச் சூடு போதவில்லை. ஒரு காயைச் சுட்டால் ஏழுக்கு எட்டாகிவிடும், ஆட்டம் கெடும். அந்தத் தணலை இரண்டு சட்டியில் அள்ளிப் பலகைக்கு இரண்டு பக்கமும் வைத்தால் பதினாறும் ஒரே நேரத்தில் காயும். கட்டளைக்குப் பறக்கும்."

"ஏழுக்கு எட்டெல்லாம் நான் ஆடமாட்டேன்" என்று பூதம் வயிற்றைத் தடவியது. "பசி வேறு எடுக்கிறது. சீக்கிரம்."

சூளைமாயன் முணுமுணுத்துக்கொண்டே நாச்சிமுத்துவைப் பழைய கட்டத்தில் வைத்தான். தணலை அவனே அள்ளிவந்து அவனே வைத்தான். அனல் பலகைமேல் வீசியது. பொய்க் கண்கள் வழிந்தன. மெழுகு கண்ணீர் மாதிரி இறங்கியது. அதன் அடியில் உண்மையான கண்கள் பளிச்சென்று திறந்தன. எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தன.

"வெட்டு!" என்றான் சூளைமாயன், இரண்டாம் தடவை.

நாச்சிமுத்து சடையாண்டியைப் பார்த்தான். சடையாண்டி நாச்சிமுத்துவைப் பார்த்தான். ஒருவருக்கொருவர் அடிமை. இவனை அவன் எப்படி வெட்டுவான்?

"வெட்டு என்கிறேன்! வெட்டு!"

"மாட்டோம்!" என்றன பதினாறு வாயும்.

அவ்வளவுதான். மூன்றாம் கட்டளையும் வீண். வேர்கள் பலகையைப் பிளந்தன, கிளைகள் கைகளாயின, பட்டை உதிர்ந்து தோலாயிற்று. பதினாறு ஆண்பிள்ளைகள் இருமிக்கொண்டும் சொறிந்துகொண்டும் முற்றத்தில் நின்றார்கள். சூளைமாயனோ சுருங்கினான், சுருங்கினான், விரல் உயர மொட்டைக் கட்டையாகி உருண்டான்.

பூவாத்தா அவனுடைய சூட்சுமத்தைப் போட்டுடைத்தாள். "எல்லாக் காயையும் உனக்கு அடிமையாகவா செய்யச் சொன்னாய்? கள்ளாட்டக்காரா!" என்று பூதம் கட்டையைப் பார்த்துச் சத்தம் போட்டது. பிறகு பூவாத்தா பக்கம் திரும்பியது. "தாயே, இந்த வீடு, நிலம் எல்லாம் இனி உங்கள் ஊருக்கு. எனக்குப் பதினாறு மண் மரப்பூதம் மட்டும் செய்துகொடு. உயிர் வேண்டாம், அழகு போதும்." சொல்லிவிட்டு அடுப்பை ஒரே ஊதில் அணைத்துவிட்டுப் போயிற்று.

"வரப்பு உன் பக்கமே இருக்கட்டும் பங்காளி" என்றான் சடையாண்டி. "அட, உன் பக்கமே இருக்கட்டும்ப்பா" என்றான் நாச்சிமுத்து. அதற்கும் ஒரு சண்டை வந்திருக்கும். பூவாத்தா போட்ட அதட்டலில் நின்றது.

காலடியில் கிடந்த கட்டையை அவள் எடுத்தாள். வேர்க்கால் வைத்தாள், கிளைக்கை வைத்தாள், முள்ளால் பட்டை கீறினாள். அணில் ஓடிப்போய் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"இவனுக்கு எதுக்குப் புள்ளே கண்ணு? தூக்கி எறி" என்றான் நாச்சிமுத்து.

"இந்தக் காட்டையே தின்றவன் மாமா. இனி தண்ணீர் சுமக்கட்டும்." மூன்று முடித் தூரிகையை மையில் தொட்டாள் பூவாத்தா. "நீங்க உங்க மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, இவனை அந்தக் கன்றுப் பக்கமாத் திருப்பிப் பிடிங்க."