ஒப்பாரியில் ஓர் இடம்

ஊர் மடத்தை நடத்திவந்த மடத்தம்மாவுக்கு நாற்பது வயசு. அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபத்தைந்து. காலமெல்லாம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். ஆனால் அந்த ஆபீசையும் கூடவே கூட்டி வந்துவிட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். மனிதர் கெட்டவர் இல்லை.

சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் பதிகம் பாட மடத்திலிருந்து அவர்தான் போவார். போன வீட்டிலெல்லாம் ஒரு பெண்ணைப் பார்த்தார். வெள்ளையம்மாள் என்று பெயர். சாவு மேளம் காதில் விழுந்தால் போதும், யார் வீடு என்ன என்று பார்க்க மாட்டாள், வந்துவிடுவாள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாய் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள் அல்லவா, அதில் போய் உட்காருவாள். பக்கத்தில் இருப்பவள் யார் என்னவென்று பார்க்காமலே கையை நீட்டி அவளையும் சேர்த்துக்கொள்வாள். அதற்கப்புறம் அவள் அழுகிற அழுகை இருக்கிறதே, பெத்தவ தோத்தா போங்கள்!

ஒருநாள் தில்லைநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. பதிகம் முடிந்ததும் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செத்தவர் உனக்கு என்ன உறவு?"

"உறவு இல்லீங்க."

"பழக்கமா?"

"பார்த்ததுகூட இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு வந்து ஊரை ஏமாத்துற? எழவு வீடு என்ன கூத்துக் கொட்டகையா?"

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மடத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை குரலில் இருந்தது.

"அது பொய்யின்னு எப்படித் தெரியும் ஐயா?" என்று கேட்டார் மடத்தம்மா.

"அவளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை தாயே."

"அவகிட்டயே போய்க் கேட்டுட்டு வாங்க."

போனார். வெள்ளையம்மாள் திண்ணையில் கிடந்த முறத்தைத் தள்ளி வைத்து அவருக்கு உட்கார இடம் பண்ணிக் கொடுத்தாள். கேட்டதற்குப் பதிலும் சொன்னாள்.

"கரும்பு வெட்டப் போன ஊர்ல என் மக செத்துப்போச்சுங்க. பாஷை தெரியாத ஊரு. காட்டு ஓரமாப் புதைச்சிட்டு, மறுநாளே வெட்டுக்கு இறங்கிட்டோம். என்னைக் கட்டிப்பிடிச்சு அழ ஒரு பொம்பளை இல்லைங்க."

"வீட்டிலேயே அழுதிருக்கலாமேம்மா?"

"தனியா அழுதா, போதும் எந்திரின்னு யாருங்க சொல்றது?"

அடப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் என்று தில்லைநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு பண்ணிட்டேன் தாயி. இனிமே எந்த வீட்லயும் உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

"விடுங்கய்யா" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. வீடு வீடாய் ஏறி இறங்கி அவள் கதையைச் சொன்னார். கேட்ட பெண்களுக்கெல்லாம் கண் கலங்கியது. ஐயோ பாவம், இத்தனை நாள் தெரியாமப் போச்சே என்று மாய்ந்து போனார்கள்.

அடுத்த சாவு கீழத்தெருவில். அவரே போய் வெள்ளையம்மாளைக் கையோடு அழைத்து வந்தார். அவள் தலையைக் கண்டதும் ஒப்பாரி நின்றது. பெண்கள் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.

"வாம்மா, வா. உன் மகளை நெனச்சு ஆற அழுதுக்கோ" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சேலையைச் சரிசெய்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

அதோடு சரி. எந்தச் சாவுக்கும் அவள் வருவதில்லை. மேளம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

தில்லைநாயகம் மடத்தம்மா முன்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"நல்லதுதானே நெனச்சேன் தாயே? நடு இடமே குடுத்தோமே. ஏன் வர மாட்டேங்கிறா?"

மடத்தம்மாவுக்கும் கண் நிறைந்திருந்தது.

"இதுக்கு முன்னால அவளுக்கு யாரு இடம் குடுத்தாங்க ஐயா?"

"யாரும் குடுக்கலை. அவளா வந்து உட்காருவா."

"அது அவ இடம். நீங்க குடுத்தது உங்க இடம்."